ஹிலாரா கேட்டுக்கொள்கிறாள்

பிப்ரவரி 4

காலையிலேயே பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கடை வேலைக்காரி கிரெஸ்டே அடுப்பை விட்டுவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். திட்டலாம் என்று போனேன். போனவள் நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

செக்குந்தியோ ஏணி போட்டு, பாடிக்கொண்டே என் மதுக்கடைச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தான். இந்த ஊரில் தேர்தல் எழுத்து என்றால் அவன்தான். கோடு ஒரு இம்மி சாயாது. மேலே பெரிய சிவப்பு எழுத்தில் ‘ப்ரிஸ்குஸ்’. அதன் கீழே, ‘தெரு அதிகாரியாக இவரையே தேர்ந்தெடுங்கள். ஹிலாரா கேட்டுக்கொள்கிறாள்.’

சீசரின் ராஜ்யத்தில் பெண்களுக்கு வோட்டுக் கிடையாது. ஆனால் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு இதுவரை யாரும் தடை போடவில்லை.

என் பெயரைச் சுவரில் பார்ப்பது இதுதான் முதல்முறை. கிரெஸ்டே, “அக்கா, வாயை மூடுங்க, ஈ போயிடும்” என்றாள். போனால் போகட்டும் என்று நின்றேன்.

பிப்ரவரி 7

ப்ரிஸ்குஸ் இன்று எங்கள் தெருவில் வோட்டுக் கேட்டு வந்தான். சுண்ணாம்புத் தூள் பூசி வெளுத்த அங்கி, பின்னால் ஒரு கூட்டம். தோளுக்குப் பக்கத்தில் அத்திமெத்துஸ் என்ற அடிமை. எதிரே வருகிறவர் பெயரை எசமானின் காதில் ஓதுவதுதான் அவன் வேலை. அவன் ஓத ஓத இவன், “அட, பாக்குலுஸ்! எப்படி இருக்க? கழுதைங்க எல்லாம் சௌக்கியமா?” என்று கையைப் பிடிக்கிறான். கழுதைக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். அவர்கள் சங்கத்தின் தலைவன் பாக்குலுஸுக்கோ தலைகால் புரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. போன டிசம்பர் பண்டிகையில் என் அடுப்படியில் உட்கார்ந்து கொண்டைக்கடலை தின்றபடி ப்ரிஸ்குஸ் சொன்னான்: “ஊர்ல பாதி ஆளுங்க பேரு எனக்குத் தெரியாதுக்கா. எல்லாம் இந்த அத்திமெத்துஸ் புண்ணியம்.” நான், “என் பேரு மறந்துச்சு, காதைத் திருகிடுவேன்” என்றேன். “உன் பேரை மறக்க நான் முதல்ல உங்க அம்மாவை மறக்கணுமே” என்றான்.

என் அம்மா ப்ரிஸ்குஸ் வீட்டு அடிமை. அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். நான் அவனைவிடச் சில மாதம் மூத்தவள். அவனுக்கு வயிறு நிறைந்த பிறகு மிச்சம் இருந்தால் எனக்கு. அம்மா அவனைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவாள், நானும் அப்படித்தான். அவன் படித்த மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் நான் எழுத்துக் கற்றேன். அவன் அப்பாதான் எங்களுக்கு விடுதலை கொடுத்தார்.

இன்று என் கடையில் நிற்கவில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கையை மட்டும் ஆட்டினான் — என்னைப் பார்த்துத்தான் ஆட்டினான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 13

இறந்தவர்களுக்குப் படைக்கும் நாட்கள் தொடங்கிவிட்டன. ஊர் வாசலுக்கு வெளியே அம்மாவின் கல்லறைக்குப் போனேன். மதுவில் நனைத்த ரொட்டி, உப்பு, பால். வருடா வருடம் நானும் ப்ரிஸ்குஸும் சேர்ந்துதான் பாலை ஊற்றுவோம்.

வெகுநேரம் காத்திருந்தேன். அத்திமெத்துஸ்தான் வந்தான், கையில் ஒரு பிடி ஊதாப்பூ. “எசமானுக்கு வேலை” என்றான். தேர்தல் நேரம், வேலை இருக்காதா என்ன?

“அம்மா, ஹிலாராவும் சுண்டெலியும் வந்திருக்கோம்” என்று எப்போதும் போலச் சொல்லிப் பாலை ஊற்றினேன். அவன் பங்கையும் நானே ஊற்றினேன்.

பிப்ரவரி 16

என் பெயரைக் காணோம்!

காலையில் கடை திறக்கும்போதே சுவரில் வெள்ளை அடித்திருந்தது. ‘ஹிலாரா கேட்டுக்கொள்கிறாள்’ என்ற அந்த வரி மட்டும் இல்லை. அவன் பெயர் அப்படியே இருக்கிறது.

எதிர்த்து நிற்கும் ஸ்தாத்தியுஸின் ஆட்கள் வேலைதான் இது, வேறு யார்? நேரே அவர்களுடைய சலவைக்கடைக்குப் போய்க் கத்தினேன். “ஆம்பளைங்களா நீங்க? ஒரு பொம்பளை பேரைப் பாத்துப் பயமா?” தொட்டிக்குள் துணி மிதித்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான். “யம்மா, நாங்க ஏன் அழிக்கிறோம்? மதுக்கடைக்காரி கேட்டுக்கிறான்னு இருந்தா எங்களுக்குத்தானே நல்லது? காசு குடுத்து இன்னும் நாலு சுவத்துல எழுதச் சொல்லுவோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சேரும்வரை காது எரிந்தது.

பிப்ரவரி 17

மறுபடி எழுதச் சொல்லிவிட்டேன். முன்னைவிடப் பெரிதாக. செக்குந்தியோ ஏனோ இன்று பாட்டே பாடவில்லை.

பிப்ரவரி 20

மறுபடியும் அழித்துவிட்டார்கள். இந்த முறை பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வெறுப்பில் அழிக்கிறவன் வாளியோடு வீசிவிட்டுப் போவான். இது நாலு ஓரமும் கோடு போட்டாற்போல் இருக்கிறது. மேலே இருக்கும் எழுத்தில் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை. இந்த ஊரில் இவ்வளவு நேராகக் கோடு இழுக்கிற கை ஒன்றுதான்.

செக்குந்தியோவைக் கூப்பிட்டு மது ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“யாருடா சொன்னது?”

“அக்கா, என் வயித்துல அடிச்சிடாதீங்க.”

“யாருன்னு கேட்டேன்.”

“அவருதான்.” தலையை மேலே தூக்கிச் சுவரைக் காட்டினான். ப்ரிஸ்குஸ் என்ற எழுத்தை. “ரெண்டு தடவையும் அவருதான். சுண்ணாம்பும் அவரு வீட்டுலேருந்துதான் வந்துச்சு.”

நான் நம்பவில்லை என்று சொன்னேன். பொய். அவன் சொன்ன நொடியே நம்பிவிட்டேன். அப்படியானால் முன்பே எனக்குத் தெரிந்திருந்ததா?

பிப்ரவரி 22

இன்று சொந்தங்கள் கூடிச் சாப்பிடும் நாள். மனக்கசப்பு இருந்தால் இன்றைக்குத் தீர்த்துக்கொள்வது வழக்கம். தேன் அப்பம் சுட்டு ப்ரிஸ்குஸ் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வருடா வருடம் அந்த வீட்டுக் கூடத்தில் கடைசி இருக்கை எனக்கு. கடைசியானாலும் என் இருக்கை. இன்று காவலாளி பின்வாசலுக்குப் போகச் சொன்னான்.

ப்ரிஸ்குஸ் சமையல்கட்டுப் பக்கம் வந்து நின்றான்.

“உள்ள யாரு?” என்றேன்.

“நகர சபைக்காரங்க. இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கக்கா.”

“இன்னைக்குச் சொந்தக்காரங்க நாளு. அவங்க உனக்கு எந்த வழில சொந்தம்?”

அவன் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“சுண்ணாம்பு அடிச்சது நீதானா?”

இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. “கோவப்படாம கேளு” என்றான். “மதுக்கடைப் பொம்பளை பேரு என் பேருக்குக் கீழ இருந்தா என்ன பேசறானுங்க தெரியுமா? ‘அவ எதுக்குக் கேக்கறா, இவன் அங்க எதுக்குப் போறான்’னு காது கூசப் பேசறானுங்க.”

“எங்கூட ஒரே பாலைக் குடிச்சவன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்றேன். ஜெயிச்ச அன்னைக்கு மன்றத்துல, ஊரு முன்னாடி சொல்றேன். அதுவரைக்கும் கழுதைக்காரங்ககிட்ட எனக்காகப் பேசு. அவங்க நீ சொன்னாத்தான் கேப்பாங்க. உன் வாயி எனக்கு வேணும்க்கா.”

வாய் வேண்டுமாம். பெயர் வேண்டாமாம்.

அப்பத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது — அந்தக் கடைசி வார்த்தையை நம்பிவிட்டேன். அக்கா என்றானே.

மார்ச் 1

பாக்குலுஸிடம் பேசினேன். “நீங்க சொன்னா சரிக்கா, எங்க ஆளுங்க எல்லாம் ப்ரிஸ்குஸுக்குத்தான்” என்றான்.

மார்ச் 6

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் கடை நிறைய ஆள். ப்ரிஸ்குஸ் வந்தான், கூடவே வழுக்கைத் தலையோடு நகர சபைக்காரர் ஒருவர். இந்த முறை கடைக்குள்ளேயே வந்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனேன். சுண்டெலி என்று வாய்வரை வந்துவிட்டது.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைச் சாய்த்துக் காதை அத்திமெத்துஸிடம் கொடுத்தான்.

அத்திமெத்துஸ் ஒரு கணம் தயங்கினான். அந்த அடிமைக்கே நாக்கு எழவில்லை. பிறகு மெல்ல, “ஹிலாரா” என்றான்.

“ஹிலாரா!” என்றான் ப்ரிஸ்குஸ், என் கையைப் பிடித்துக்கொண்டு. “எப்படிம்மா இருக்க? வியாபாரம் எல்லாம் நல்லாப் போகுதா?”

அம்மாவாம்! கழுதைக்காரனிடம் கழுதை சௌக்கியமா என்று கேட்டானே, அதே குரல். அவன் கைச் சுண்ணாம்பு என் கையில் ஒட்டியது. அவர்கள் போன பிறகு தொட்டியில் கழுவினேன், கழுவினேன், அரை நாள் கழுவினேன். கிரெஸ்டே வந்து கையை இழுத்துத் துடைத்துவிட்டாள்.

பாவி. கழுத்தறுத்துட்டானே. அம்மா, உன் பாலைத்தானே குடிச்சான்? எனக்கு மிச்சம் வெக்காமக் குடிச்சானே!

மார்ச் 7

செக்குந்தியோவை வரச் சொன்னேன். “மேல இருக்கற பேரை அழி. கீழ என் பேரைத் திரும்ப எழுது.”

“அக்கா, அவரு பேரையா? என் பொழப்பு போயிடும்.”

“சுவரு யாருது?”

“உங்களுது.”

“அவன் வீட்டுச் சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?”

“இருக்கு…”

“அதுலயே அடி.”

ஏணியில் ஏறும்போது பயந்துகொண்டுதான் ஏறினான். பாதி வேலையில் பாட்டு வந்துவிட்டது. இப்போது சுவரில் இருப்பது இவ்வளவுதான்: ‘ஹிலாரா கேட்டுக்கொள்கிறாள்.’

மார்ச் 9

நாள் முழுக்க ஒரே கேள்வி. “என்னக்கா கேக்கற?” “யாருக்காகக் கேக்கற?” ஒருவன், “கடன் பாக்கியைத்தான் சுவத்துல எழுதிக் கேக்கறீங்களோன்னு பயந்துட்டேன்” என்றான். “இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்” என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்.

பாக்குலுஸ் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாளுக்கு முன் அவனும் கடையில் இருந்தவன்தான், எல்லாவற்றையும் பார்த்தவன். கூட்டம் கலைந்ததும் வந்து, “இப்ப யாருக்குப் போடணும்னு சொல்லுங்கக்கா” என்றான். ஸ்தாத்தியுஸுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாயைத்தானே ப்ரிஸ்குஸும் கேட்டான்?

“உங்க மனசுக்கு யாரு தோணுதோ அவங்களுக்குப் போடுங்க” என்றேன்.

மார்ச் 16

தேர்தல் முடிந்தது. கழுதைக்காரர்கள் வட்டம் ஸ்தாத்தியுஸுக்குப் போயிற்று. மற்ற வட்டங்கள் ப்ரிஸ்குஸுக்கு. ஜெயித்துவிட்டான்.

கிரெஸ்டேயை மன்றத்துக்கு அனுப்பியிருந்தேன். வந்து சொன்னாள்: “சாமிக்கு நன்றி சொன்னாருக்கா. சீசருக்குச் சொன்னாரு. அப்பாவுக்கு, சபைக்காரங்களுக்கு, அப்புறம் அந்த வழுக்கைத் தலைக்குக்கூடச் சொன்னாரு.”

“அப்புறம்?”

அவள் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள். எல்லாம் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தவை.

அவன் பெயரை அழித்த பிறகும் எதற்குக் கேட்டேன்? தெரியவில்லை. என் பெயரைச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன், அதுதான் கேவலம்.

ஜூலை 9

ப்ரிஸ்குஸ் பதவி ஏற்ற பிறகு முதல்முறையாக எங்கள் தெருவுக்குச் சோதனைக்கு வந்தான். கரை போட்ட அங்கி, பின்னால் ஏவலர்கள், தோளருகில் அத்திமெத்துஸ். அளவைக் கிண்ணத்தைப் பார்த்தான். குறை இல்லை. வாசல் பெஞ்சைக் காட்டி, “தெருவுல நீட்டிக்கிட்டு இருக்கு, எடுக்கணும்” என்றான். பிறகு சுவரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

கழுதைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

என்ன தோன்றியதோ, கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, அத்திமெத்துஸோடு மட்டும் பக்கத்தில் வந்தான். சின்னக் குரலில், “அக்கா, அந்தச் சுவத்தை மட்டும்…” என்று ஆரம்பித்தான்.

நான் முன்கூட்டி ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதை அத்திமெத்துஸ் பக்கம் கொடுத்தேன். காது பக்கத்தில் வந்தால் பெயர் சொல்லியே பழகியவன் அவன். யோசிக்காமல் சொல்லிவிட்டான்: “கயுஸ் கார்வீலியுஸ் ப்ரிஸ்குஸ்.”

“ஓ, ப்ரிஸ்குஸா!” என்றேன். “எப்படிப்பா இருக்க? பதவியெல்லாம் நல்லாப் போகுதா?”

பாக்குலுஸுக்குக் குடித்த மது மூக்கில் ஏறிவிட்டது. கடையே சிரித்தது, தெருவும் சிரித்தது. ப்ரிஸ்குஸ் சிவந்துபோய்த் திரும்பி நடந்தான். அவன் காது மட்டும் சின்ன வயதில் அடி வாங்கினால் சிவக்குமே, அதே மாதிரி இருந்தது. அந்தக் காதை ஏன் பார்த்தேன்?

பெஞ்சை எடுத்து உள்ளே போட்டுவிட்டோம். எல்லாரும் நின்றுகொண்டே குடிக்கிறார்கள். கிரெஸ்டே சாயங்காலம்வரை என்னைப்போலவே நடித்துக்காட்டிச் சிரித்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 13

இந்த வருடமும் அம்மாவிடம் போய் வந்தேன். ரொட்டி, உப்பு, பால். ஊதாப்பூவோடு யாரும் வரவில்லை. நானும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

பாலை ஒரே பங்காக ஊற்றினேன். “அம்மா, ஹிலாரா வந்திருக்கேன்” என்றேன். அடுத்த பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.