வலது பக்கப் படி

இன்று காலை தறியில் டிசைனை ஏற்றும் ஜக்கார்ட் பெட்டியில் ஒரு ஒயர் விட்டுப்போய், அதை ஒட்ட மெக்கானிக் வந்திருந்தார். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, பேஸ்ட்டில் தொட்டு, ஈயத்தின் மேல் வைத்தார். மெல்லிய புகை எழுந்தது. அந்த வாசனை வந்ததும் நான் போட்டுக்கொண்டிருந்த பார்டர் டிசைனை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மேடம், தலை நோவுதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அது உன் சமையலறை வாசனை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உன் வீட்டில் அடுப்பு மேடையின் ஒரு பாதியில்தான் சமையல். மறுபாதியில் பித்தளைத் தகடும் குறடும் அரமும் கிடக்கும். செய்யாறு கம்பெனியில் நாள் முழுக்க உதிரி பாகங்களை அளந்து "சரி", "சரியில்லை" என்று பிரிப்பது உன் வேலை. அங்கே அளந்தது போதாமல், சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, முகம் கழுவிய கையோடு, அளவு பார்க்கும் வெர்னியரை எடுப்பாய். "கல்யாணம் பண்ணிக்காதவளுக்குப் பொழுது போவணுமே" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உன் காதிலும் அது விழுந்தது. "போவட்டும், நல்லாதான் போவுது" என்றாய்.

நீ செய்துகொண்டிருந்தது ஒரு ஷன்டிங் எஞ்சின். யார்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடி, ரயில் பெட்டிகளை இழுத்துக் கோர்த்துவிடும் சின்ன நீராவி எஞ்சின். வெளியூர் யார்டு ஒன்றில் உன் அப்பா அந்த எஞ்சினோடு வேலை பார்த்தவர். நாம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நாட்களில், வாரத்துக்கு ஒருமுறை அவர் ஆரணிக்கு வருவார். அவர் சட்டையில் கரி வாசனை அடிக்கும். நமக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, மழைநாள் ஒன்றில் அவர் எஞ்சினிலிருந்து வழுக்கி விழுந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரணை நடந்தது. எஞ்சினின் வலது முன்பக்கத்தில் படியே கிடையாது, இல்லாத படியில் ஏறப் போனது அவருடைய தவறு என்று எழுதிவிட்டார்கள். "படி இருந்துச்சு. அதுலதான் கால வச்சேன்" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. விபத்துக்கு முன் எடுத்த நெகட்டிவ் ஒன்றைப் பிறகு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கியது. எஞ்சினுக்கு முன்னால் உன் அப்பாவும் அம்மாவும் நிற்பார்கள். எஞ்சினின் எண் அவர்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். எஞ்சினின் முன்முனையில் உள்ள புகைபோக்கி நமக்கு இடது கைப் பக்கம் இருக்கும். அப்படி நின்றால் நாம் பார்ப்பது எஞ்சினின் இடது பக்கம். அந்தப் பக்கத்தில், முன்சக்கரத்துக்கு முன்னால், ஒரு படி தொங்கும்.

பதினைந்து வயதில் நீ அந்தப் போட்டோவைக் கழற்றி அப்பாவின் மடியில் வைத்தாய். "படி இடது பக்கம்தான்பா இருக்குது. நீங்கதான் மாத்தி சொல்றீங்க." அவர் அதை வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு அந்தப் படியைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. சில வருஷங்களில் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவிடம் அப்படிப் பேசியதை நீ எனக்குச் சொன்னது நமக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான். எஞ்சினைச் செய்யப்போகிறேன் என்று நீ சொன்னபோது, "எதுக்குடி இப்ப?" என்று கேட்டேன். "அவரு நின்ன எடத்த நான் கையால தொட்டுப் பாக்கணும்" என்றாய். போட்டோவை என் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிக் கொடுப்பது என் வேலை என்று ஏற்றுக்கொண்டேன். பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவளுக்குக் கட்டம் கட்டமாகப் பார்ப்பது பழக்கம்தானே.

அந்த எஞ்சினை எப்போதோ உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதே வகை எஞ்சின் ஒன்று ஒரு ரயில்வே கட்டடத்து வாசலில் காட்சிக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் குனிந்தாய். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். காவலாளி ஓடி வந்தார்.

"இன்னாம்மா பண்றீங்க?"

"அளவு எடுக்கறோம் சார்."

"எதுக்கு, ஆபீஸ்ல இருந்து வந்துகீறீங்களா?"

"இல்ல சார். வீட்ல ஒண்ணு செய்யறோம்."

அவர் நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "ஜல்தி முடிங்க, பெரியவரு வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு, அவரே டார்ச் அடித்துக் காட்டினார். அந்த எஞ்சினில் இரண்டு பக்கமும் படி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன் அப்பா சொன்னது சரிதான் என்றேன். நீ நோட்டில் எழுதியபடியே இல்லை என்று தலையை ஆட்டினாய். "இது வேற எஞ்சின். ஒரே வகையா இருந்தாலும் ஒவ்வொரு யார்டுலயும் ஒவ்வொரு விதமா மாத்தியிருப்பாங்க. நம்ம எஞ்சின்ல இன்னா இருந்துச்சோ அதான் கணக்கு."

அதனால் போட்டோவையே நம்பினோம். எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருக்கும் ரிவெட் ஆணித் தலைகளை எண்ணினோம். எனக்கு ஒரு எண்ணிக்கை, உனக்கு ஒன்று. இரண்டு ஞாயிறு சண்டை போட்ட பிறகுதான் தெரிந்தது, அவற்றில் பல ரிவெட்டே இல்லை, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு. நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். பிறகு தகட்டின் பின்னாலிருந்து ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, நிஜ ரிவெட்டுகளை மட்டும் எழுப்பினாய். எட்டு மாதத்தில் இடது பக்கம் முழுசாக முடிந்தது, படியோடு.

நீ அதை முடித்த வாரத்தில் எனக்கு ஒரு பார்டர் தேவைப்பட்டது. பழைய காலத்து மயில் பார்டர் வேண்டும் என்று வியாபாரி ஒருவர் கேட்டிருந்தார். போட்டோவில் உன் அம்மா கட்டியிருந்த பட்டுப்புடவை நினைவுக்கு வந்தது. அதைத் திரையில் பெரிதாக்கினேன். பார்டரைக் கட்டத்தில் ஏற்றிக்கொண்டே முந்தானைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. முந்தானை அவர் வலது தோளில் கிடந்தது. நம் பக்கத்தில் எந்தப் பெண் அப்படிக் கட்டுவாள்? பக்கத்தில் நின்ற உன் அப்பாவைப் பார்த்தேன். சட்டைப் பையும் வலது மார்பில் இருந்தது.

ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பி வைத்துப் போட்டோ போட்டிருக்கிறார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அது பக்கம் மாறித் தொங்கியிருக்கிறது. படத்தைத் திருப்பினேன். புகைபோக்கி வலது கைப் பக்கம் போனது. நமக்குத் தெரிந்துகொண்டிருந்தது எஞ்சினின் வலது பக்கம். படி வலது பக்கம்.

உடனே உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ நம்பவில்லை. "எட்டு மாசம் செஞ்சிருக்கேன்டி" என்றாய். நான் போட்டோவை நீட்டினேன். நீ முந்தானையைப் பார்த்தாய், பையைப் பார்த்தாய். பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாய். நான் பின்னால் வரவில்லை. வெளியே வந்து சொன்னாய்: "எஞ்சினையே பாத்துகினு இருந்தோம். ஆளப் பாக்கவே இல்ல."

மறுநாளே ஈயத்தை உருக்கி எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கினாய். ஒரு துண்டைக்கூட நீ வீசி எறியவில்லை. பக்கம் மாற்றி வைக்க வேண்டியவற்றை மாற்றினாய், வளைவு ஒத்துவராதவற்றைப் புதிதாக வெட்டினாய்.

எஞ்சினை உன் அம்மாவிடம் காட்டிய மதியம் நானும் இருந்தேன். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. விரலால் தொட்டியைத் தடவி, சக்கரத்தைத் தடவி, முன்னால் வந்து படியில் விரலை நிறுத்தினார்.

"இதாண்டி. இதுலதான் ஏறுவாரு."

"போட்டோ எப்பம்மா எடுத்தது?" என்று கேட்டாய்.

"ஆயுத பூஜைக்கு. ஒரு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள கால் போயிடுச்சி."

நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் அப்பாகிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றாய். அம்மா உன் தலையில் கை வைத்தார். "நீ போட்டோவ நம்புன. அந்தப் போட்டோவ அவரும்தான் நம்புனாரு. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அன்று நீ அழுதாய். ஆனால் நோட்டில் எழுதும்போது உன் கையெழுத்து நேராகத்தான் இருந்தது. "விபத்துக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் எடுத்த படத்தில் வலது பக்கம் படி உண்டு. விபத்து நாளன்று இருந்ததா, தெரியாது." கடைசி வரியை எதற்கு எழுத வேண்டும் என்று நான் கோபப்பட்டேன். "படியே கிடையாதுன்னு எழுதினாங்க. அது பொய்னு ஆயிடுச்சி. அதுக்கு மேல நான் ஒண்ணு சொன்னா, அவங்க எழுதினதுக்கும் நான் எழுதறதுக்கும் இன்னா வித்தியாசம்?" என்றாய்.

அதே காரணத்துக்காகத்தான், போட்டோவில் தெரியாத இடது பக்கத்தை வழவழவென்று வெறும் தகடாக விட்டாய். ஒரு ரிவெட்கூட இல்லை.

போன மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் அம்மா எஞ்சினை என்னிடம் கொடுத்துவிட்டார். சேத்துப்பட்டுப் பள்ளி ஒன்றில் கண்காட்சிக்குக் கேட்டார்கள் என்று கொண்டுபோய் வைத்தேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வலது பக்கத்தைக் கைகட்டி நின்று பார்த்தார். பிறகு சுற்றிவந்து மறுபக்கத்தைப் பார்த்தார்.

"இது ஏம்மா மொட்டையா கீது?"

"அந்தப் பக்கத்த நாங்க பாக்கல சார்."

"அதே வகை எஞ்சின் நிக்குதே. அதப் பாத்துப் போட்டுடுங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாம் சார். உங்ககூட வேலை செஞ்சவங்க யார்கிட்டயாவது அந்தப் பக்கத்துப் போட்டோ இருந்தா சொல்லுங்க. ஊசி, தகடு எல்லாம் வச்சிருக்கேன். நானே குத்திடுவேன்."

அவர் என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். இதுவரை பேசவில்லை. பேசுவார்.

வியாபாரிகள் இப்போது பழைய புடவைகளின் படத்தைப் போனில் அனுப்பி, அப்படியே வேண்டும் என்கிறார்கள். மடிப்புக்குள் மறைந்திருக்கும் பாகத்தை முன்பெல்லாம் நானே யூகித்துப் போட்டுவிடுவேன், ஒருவரும் கேட்டதில்லை. இப்போது, "பிரிச்சு எடுத்த போட்டோ இருக்குதாங்களா?" என்று கேட்கிறேன். இல்லை என்றால், அந்தக் கட்டங்களை வெள்ளையாகவே விட்டு அனுப்புகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போகிறார்கள். போகட்டும். எனக்குத் தெரிந்த கட்டங்களில் ஒன்றுகூடத் தப்பாக இருக்காது.