ஒரு வருஷத்து மாத்திரை

ஜோகுபாளையம், பெங்களூர்
12-8-1960

அன்பு மகள் தனக்கோடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நல்லபடியாக இருக்கிறேன், பம்பாயில் நீயும் மாப்பிள்ளை அசோகனும் உன் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவும் சுகம் என்று இந்த வருஷம் ஐந்து கடிதத்தில் எழுதினேன், அது பொய் கண்ணு. தை மாதத்திலிருந்து அவளுக்கு டி.பி. மாசமாயிருக்கும் பெண் பயந்துவிடுவாள், எழுதாதே என்று அவள் கெஞ்சினதால் மறைத்தேன்.

சளியில் ரத்தம் வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். படுக்கை காலியில்லை, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுங்கள் என்றார்கள். தெருக்காரர்கள், அவளை ஊருக்கு வெளியே எங்கேயாவது கொண்டுபோய் விடு என்றார்கள். நானும் அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன், அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நர்ஸ் ஜூடித் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, தட்டுல இல்லீங்க, இருமல்லதான் ஒட்டும், வாய மூடி இருமட்டும், சளிய டப்பாவுல துப்பி எரிச்சுடுங்க, ஜன்னலத் தொறந்து வைங்க என்றார். மெட்ராசுல வூட்டுலயும் ஆஸ்பத்திரியிலயும் வச்சு மருந்து குடுத்துப் பார்த்துட்டாங்க, ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் தேறினாங்க, வூட்டுல கூட இருந்தவங்களுக்கு அதனால அதிகமா வரல, ஆனா ஒரு வருஷம் ஒருநாள் விடாம முழுங்கணும் என்றார். அன்று சாயங்காலமே தட்டை மற்ற தட்டுகளோடு வைத்துவிட்டேன்.

மூன்றாம் மாசம் இருமல் நின்றது, நானும் அசந்துவிட்டேன். ஒருநாள் கேழ்வரகுப் பானையில் கைவிட்டால் பத்து நாள் மாத்திரை அதற்குள் கிடக்கிறது. கோபத்தில் பானையை உதைத்தேன். அவள் அழாமல் சொன்னாள், இத முழுங்கினா கொமட்டுது, சோறு எறங்கல, பொண்ணு வர்றதுக்குள்ள ஒடம்பு தேற வாணாமா என்று. சிந்தின கேழ்வரகை அள்ளிப் போட்டுவிட்டு, சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். பாதியில் விட்டால் நோய் திரும்பும், அப்புறம் இந்த மருந்தே கேட்காமல் போகலாம் என்று சிஸ்டர் வந்து எடுத்துச் சொன்னார், சாப்பிட்ட பிறகு கொடுக்கச் சொன்னார். அதிலிருந்து காலையில் அவள் விழுங்கி வாயைத் திறந்து காட்டின பிறகுதான் பட்டறைக்குக் கிளம்புகிறேன். குழந்தையா நான் என்று திட்டுவாள், திட்டிக்கொண்டே காட்டுவாள்.

இப்போது இரண்டு தடவை சளி பார்த்தாயிற்று, கிருமி இல்லை. மாத்திரை மட்டும் இன்னும் ஐந்து மாசத்துக்குக் குறையாமல் உண்டு. போன கார்த்திகையில் நீ வந்து பத்து நாள் அவள் பக்கத்திலேயே படுத்திருந்தாய், அப்போதே அவளுக்கு இருமல். அதனால் இந்தக் கடிதம் கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போ, மாசமாயிருப்பதை முதலில் டாக்டரிடம் சொல்லு, இருமல் இல்லாவிட்டாலும் போ. பிள்ளை பிறந்ததும் பி.சி.ஜி. ஊசி போடச் சொல்.

பிரசவத்துக்கு இங்கே வருவதா என்று கேட்டிருந்தாய். வரலாம் என்றுதான் சிஸ்டர் சொல்கிறார், நீயும் மாப்பிள்ளையும் அங்கே டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், வராவிட்டால் எங்களுக்கு வருத்தமில்லை. நேற்று உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு, பொய் சொல்லி அவள வரவழைக்க வாணாம், எல்லாத்தையும் எழுதிடு, தெரிஞ்சு வந்தா வரட்டும் என்றாள். அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடாதே. பதிலை அம்மா பேருக்கே எழுது.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
அப்பாதுரை