ஷம்சாத் கொண்டுவந்த பிஸ்கட் டப்பா

786

முவைலா, ஷார்ஜா
12.8.2007

என் மகன் அஸ்கர் அலிக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஹிஃப்ஸாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கலிபோர்னியாவில் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். முறைக்கு நலம் விசாரித்துவிட்டேன், இனி எழுதுவதை ஓரிடத்தில் உட்கார்ந்து படி. சிரித்துக்கொண்டே படிக்காதே. அன்றைக்குப் போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அன்றைக்குப் பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டேன், பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் தொழப் போயிருக்கிறார், கடையில் இருக்கிறார் என்று உம்மாவைச் சொல்ல வைத்தேன். ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டாமா. நீ கூப்பிட்ட நேரம் ஷம்சாத் நம் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். நம் பக்காலா மளிகைக் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் மீரா சாகிப்பின் பெண்டாட்டி, உன் ஊரில் இருக்கும் தன் கூடப்பிறந்த காக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்து இறங்கிய மறுநாளே, வேறு வேலை பார்க்காமல், சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு நீ கொடுத்தனுப்பிய டப்பாவைக் கொண்டுவந்துவிட்டாள். பார்சல் சுமந்து வந்தவருக்குத்தான் அதிலிருந்து முதலில் எடுத்துக் கொடுப்போம், இது நம் வீட்டில் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே உள்ள வழக்கம், அமெரிக்கா போனதும் அது மறந்துவிட்டதா. உம்மா டப்பாவைப் பிரித்து உன் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி, சாயாவோடு அவள் முன்னால் வைத்தாள். அந்த நேரம்தான் நீ கூப்பிட்டாய், என்னிடம் போனைக் கொடுத்தாள். நீ என்னவோ சந்தோஷச் செய்தி சொல்வதுபோல, வாப்பா அது சாதா பிஸ்கட் இல்ல, கஞ்சா சேர்த்துச் செஞ்சது, கண் பிரஷருக்கு நல்லது, ராத்திரி பாதி சாப்பிடுங்க, எனக்கு டாக்டரே எழுதிக் கொடுத்து கார்டு வாங்கியிருக்கேன், அதையும் ஜெராக்ஸ் எடுத்து டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன், யாராச்சும் கேட்டா காட்டிக்கலாம் என்றாய்.

அந்தப் பச்சைப் பிள்ளை தட்டுக்குக் கையை நீட்டிவிட்டது அஸ்கர். போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டேன். சாயா முழுவதும் ஷம்சாத்தின் சேலையில், பிஸ்கட் தரையெல்லாம், பிள்ளை பயந்துபோய் வீரிட்டு அழுகிறது. ஷம்சாத்தே எனக்காகச் சொன்னாள், பரவாயில்ல மாமா, கண்ணு சரியாத் தெரியாமக் கை பட்டுருச்சு என்று. ஆமாம்மா, கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். கீழே கிடந்ததையெல்லாம் யாரையும் தொடவிடாமல் நானே பொறுக்கி, உன் கார்டு ஜெராக்ஸையும் கிழித்துச் சேர்த்து, கக்கூஸில் போட்டுத் தண்ணீரை விட்டேன். உன் உம்மா அன்று அழ ஆரம்பித்தவள், இப்போது ரோடு தாண்ட என்னைத் தனியாக விடுவதில்லை. நடுக் கடைத்தெருவில் சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். சாமான் வாங்க வருகிறவன் எல்லாம் என்ன பாய், கண் சுத்தமாகப் போய்விட்டதாமே என்று கேட்கிறான். ஆமாம் என்கிறேன். பக்கவாட்டில் கொஞ்சம் தெரியவில்லை, நேரே நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் உன்னைக் காப்பாற்ற நான் குருடனாக நடமாட வேண்டியிருக்கிறது.

ஷம்சாத் ஏன் அந்த டப்பாவைப் பிரித்துப் பார்க்கவில்லை தெரியுமா. கலீலுர் ரஹ்மான் மாமா மகன் கொடுக்கிறான், அதைப் பிரித்துப் பார்த்தால் மாமாவுக்கு என்ன மரியாதை என்று நினைத்தாள். அதனால்தான் நம் ஆட்கள் கொண்டுபோகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டி, அவர் கண் முன்னாலேயே கட்டி ஒட்டிப் பெயர் எழுதிக் கொடுப்பது. நீ சின்ன வயதில் டேப் பிடித்துக்கொடுத்த பார்சல் எத்தனை. நீ அவளிடம் முன்கூட்டியே ஒட்டி வைத்திருந்ததை எடுத்து நீட்டியிருக்கிறாய். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்த ஆபீசர் இது என்ன என்று டப்பாவைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். மாமாவுக்கு அவங்க மகன் ஆசையாக் கொடுத்தது என்று இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், அவன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு மாஃபி முஷ்கில், பரவாயில்லை போ என்று அனுப்பிவிட்டான். அவன் டப்பாவைத் திறந்திருந்தால்? கசகசாவையே போதைச் சாமான் என்று ஆளைப் பிடித்து உள்ளே வைக்கிற ஊர் இது. அதற்குப் பயந்துதானே உன் உம்மா குருமாவுக்கு முந்திரியை அரைத்து ஊற்றுகிறாள், நீயும் அதைத்தானே சாப்பிட்டு வளர்ந்தாய். அந்தப் பெண் ஜெயிலில், பிள்ளை வெளியில், மீரா சாகிப்பின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன். சொல்லடா.

கார்டு என்றால் என்ன என்று எனக்குப் பாடம் நடத்தாதே. இந்த நாட்டில் நான் பிழைத்ததே பத்தாக்காவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான், சலவைக்குச் சட்டையைப் போடும்போதும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். அந்த லேபர் கார்டைக் கொண்டுவந்து உன் ஊர்ப் போலீஸிடம் நீட்டினால் மதிப்பானா? உன் போட்டோவும் டாக்டர் கையெழுத்தும் போட்ட கார்டு உன் ஊர் எல்லையோடு கலாஸ். இங்கே அதைக் காட்டினால், உள்ளே இருப்பது கஞ்சாதான் என்று அவளே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகியிருக்கும். இத்தனை படித்தவனுக்கு இது தெரியவில்லை.

இதைவிட எனக்குப் பொறுக்காதது ஒன்று, அந்தக் கார்டு வந்ததிலிருந்து கண்ணுக்குச் சொட்டு மருந்தே விடுவதில்லை என்று அதே போனில் சொன்னாயே. என் கண் நோய் உனக்கும் வந்திருக்கிறது, நீ அதை வைத்துக் கூத்தாடுகிறாய். பேப்பரில் படித்தேன் என்று பொய் சொல்லி என் கண் டாக்டர் பிரபாவதியிடம் கேட்டேன். அந்தம்மா சொன்னது, அது பிரஷரைக் கொஞ்ச நேரம் குறைக்கும், பிறகு பழையபடி ஏறிவிடும், நாள் முழுக்க எடுத்துக்கொண்டேயா இருப்பார்கள், சொட்டு மருந்தை நிறுத்தினால் போகிற பார்வை போனதுதான், திரும்ப வராது என்று. அங்கே உனக்குச் சட்டம் இருக்கிறது, வைத்துக்கொள், நான் வேண்டாம் என்றால் கேட்கவா போகிறாய். ஆனால் சொட்டு மருந்தை நிறுத்தாதே. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொல்கிறேன்.

இப்போது ஹிஃப்ஸா நிக்காஹ் விஷயம். டிசம்பரில் ஷார்ஜாவுக்கு வருகிறேன், அந்தக் கார்டையும் கொண்டுவருகிறேன், நீங்களே பாருங்க என்று உம்மாவிடம் சொன்னாயாம், அவள் ஏதோ ஆபீஸ் கார்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வராதே. இங்கே கையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, இரத்தத்தில் இருந்தாலே கையில் இருந்ததாகத்தான் கணக்கு, வருடக்கணக்கில் உள்ளே போடுகிறான். நிறுத்திவிட்டேன் என்று நீ சொன்னாலும் அது உடம்பில் எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உன் வார்த்தையை நம்பி அந்த ஏர்போர்ட்டில் உன்னை இறங்கவிட எனக்குத் தைரியம் இல்லை. அண்ணன் இல்லாமல் தங்கச்சி நிக்காஹ்வா என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன், பிறகு சம்பந்தி வீட்டில் போய், நிக்காஹ்வை அதிராம்பட்டினத்திலேயே வைத்துக்கொள்ளலாம், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இங்கே என்னால் ஓடியாட முடியாது என்று சொல்லிவிட்டேன். பேசி முடித்த ஹாலை விட்டாயிற்று. பாவம் மனுஷர், பார்வை போவதற்குள் சொந்த ஊரில் மகள் நிக்காஹ்வைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்கிறார்கள். நான் யாரைப் பார்க்க ஆசைப்பட்டு ஊரை மாற்றினேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது உனக்கும் தெரியும்.

அல்லாஹ் உன் கண்ணையும் புத்தியையும் சேர்த்துக் காப்பாற்றட்டும், நீடித்த ஆயுளைத் தரட்டும். டிக்கெட் மலிவு என்று துபாய் வழியாக எடுத்துத் தொலைக்காதே, சிங்கப்பூர் வழியும் வேண்டாம், அங்கேயும் இதே கெடுபிடிதான், நேரே சென்னை வருகிற வழியாகப் பார். வெறுங்கையோடு வா. சொட்டு மருந்தை மட்டும் கையோடு கொண்டுவா, பாட்டிலைத் திறந்து என் முன்னால் விட்டுக் காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தை இங்கே தபாலில் போடவில்லை, கௌஸ் முகம்மது மச்சான் ஊருக்குப் போகிறார், அவர் அங்கே போடுவார். மகனைத் திட்டி எழுதியிருக்கிறேன், காகிதத்தைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை என்று உறையை உதறிக் காட்டிவிட்டு, அவர் கண் முன்னால்தான் ஒட்டுவேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மு. கலீலுர் ரஹ்மான்

உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். பிள்ளை அனுப்பியதை ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாமல் போய்விட்டதே என்று இன்றைக்கும் புலம்பினாள். வரும்போது சென்னையில் நல்ல கடையாகப் பார்த்து அவளுக்கு ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிக்கொண்டு வா.