நான்காவது பாட்டில் அந்த நிறுத்தம்

1996 மார்ச் 4, திங்கள்

நான் வேலை பார்க்கும் பல் டாக்டரிடம் இன்று கூட்டமில்லை. வரவேற்பு மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது லண்டனிலிருந்து ஹாரியட் என்ற பெண் போன் செய்தாள். ஆஷ்பிட் லேன் குழுவின் மூன்று ஆல்பங்களையும் அவளுடைய கம்பெனி சிடியாகக் கொண்டுவருகிறதாம். இரண்டாவது ஆல்பத்தோடு வரும் சிறு புத்தகத்துக்கு நான் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். "பழைய ரசிகை, அதோட ட்ரம்மரோட மனைவி. உங்களை விட்டா வேற யாரு எழுதுவா?" என்றாள். நாற்பத்து மூன்று வயதில் கன்னம் சூடானது.

வீட்டுக்கு வந்தபோது என் கணவன் டெஸ், தான் ஓட்டும் ரொட்டி வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். "மூணாவது ஆல்பத்துக்கு எழுதேன் கண்ணு," என்றான். வயலின் கூட்டத்தைக் கொண்டுவந்து கெடுத்த ஆல்பம் அது. அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? "உனக்கு அடக்கம் ஜாஸ்தி," என்று சிரித்தேன்.

மார்ச் 9, சனி

காலையிலிருந்து எழுதுகிறேன். முதல் ஆல்பமும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது வெறும் கோபம். டட்லி ஊர்ப் பையன்கள் நாலு பேர் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு உடைக்கிற சத்தம்.

இரண்டாவது, 'சங்கிலிக்காரி', வேறு. அதில் கிட்டார் அப்பாவின் பட்டறைச் சம்மட்டி மாதிரி. ஒரு அடி அடித்துவிட்டு, இரும்பின் அதிர்வு அடங்கும்வரை காத்திருக்கும். பாடகன் வெர்னனின் குரல் அதற்கு மேலே ஏறப் பார்க்காமல் கூடவே நடந்து வரும். நான்காவது பாட்டு, 'கால்வாயில் பனி'. கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லாம் நிற்கிறது. ட்ரம்ஸ் வர வேண்டிய இடத்தில் வருவதில்லை. அரை நொடிதான் இருக்கும். பிறகு ஒரே ஒரு அடி. தூங்குகிறவரின் தோளைத் தொடுவது போல.

பதினெட்டு வயதில், கிளப் வாசலில், டெஸ்ஸிடம் இதைத்தான் சொன்னேன். சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "உனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கு," என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன். இதையும் எழுதலாமா? வெட்கமாக இருக்கிறது. எழுதுவேன்.

மார்ச் 14, வியாழன்

எனக்கு உதவும் என்று ஹாரியட் ஒரு உறை அனுப்பியிருக்கிறாள். உள்ளே ஸ்டூடியோத் தாள்களின் நகல். 'சங்கிலிக்காரி' பதிவான மூன்று நாட்கள் — எந்தப் பாட்டு, யார் எதை வாசித்தது.

ட்ரம்ஸ்: எம். ட்ரான்டர்.

எட்டுப் பாட்டுக்கும்.

யார் இந்த ட்ரான்டர்? எழுதினவன் பெயரை மாற்றிப் போட்டிருப்பான். ஒரு நாள்னா தப்புன்னு சொல்லலாம். மூணு நாளுமா?

மார்ச் 15, வெள்ளி

மீனும் சிப்ஸும் வாங்கி வந்தான். சாப்பிட்டோம். கேட்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

கேட்டேன். தாளை மேசைமேல் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

"நீ வாசிச்சியா இல்லையா, டெஸ்?"

"முதல் நாள் காலைல ரெண்டு மணி நேரம் வாசிச்சேன். நான் தாளத்தைப் பின்னாடி இழுக்கறேன்னு ரெகார்டு பண்ற ஆளு சொன்னான். யாருக்கோ போன் போட்டான். மத்தியானம் ஒருத்தர் வந்தாரு. கோட்டைக் கழட்டிட்டு என் ட்ரம் செட்டுலயே உக்காந்து வாசிச்சாரு."

"நீ?"

"டீ வாங்கிட்டு வந்தேன். மூணு நாளும்."

பாவமாக இருந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு கிளப் வாசல் ஞாபகம் வந்தது.

"அப்ப அன்னைக்கு என்கிட்ட சொன்னது?"

"நீ அப்படிப் பாத்தே, கண்ணு. அதுக்கு முன்னாடி என்னை யாரும் அப்படிப் பாத்ததில்ல."

நான் பாத்தது உன்னை இல்லையே! யாரோ ஒரு ஆளை. கோட்டைக் கழட்டிட்டு உக்காந்த ஆளை. இருபத்தஞ்சு வருஷத்துல எத்தனை தடவை இவன்கிட்ட அதைச் சொல்லியிருப்பேன்? இவன் அம்மா செத்தப்போ, இவனைத் தேத்த அந்தப் பாட்டைத்தானே போட்டேன்? கண்ணை மூடிக் கேட்டானே. மேடைல அந்த இடம் ஏன் வரலன்னு கேட்டதுக்கு, "மேடைக்கு வேற, ரெகார்டுக்கு வேற"ன்னான். அதையும் நாலு பேர்கிட்ட பெருமையா சொன்னேன். முட்டாள் நான்.

மார்ச் 20, புதன்

வேலை முடிந்ததும் பப்புக்குப் போனேன். வெர்னன் வழக்கமான மூலையில் இருந்தான். பாட்டை விட்டு இப்போது கார்ப்பெட் விற்கிறான்.

"அட, நம்ம நொரீன்! என்ன குடிக்கறே?"

தாளைக் காட்டினேன். வாயில் போட்ட கடலையை மெல்லுவதை நிறுத்தினான்.

"உனக்குத் தெரியும்னுதான் நெனச்சோம்."

"நெனச்சோமா? எத்தனை பேரு?"

"எல்லாரும்தான்..." கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தான். "கல்யாணத்தன்னைக்குச் சொல்லிடலாம்னு உன் பக்கத்துல வந்தேன். நீ அந்தப் பாட்டைப் போடச் சொல்லி ஆடிக்கிட்டிருந்தே. எப்படிச் சொல்றது, சொல்லு?"

வீட்டுக்கு வந்து கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். குழுவில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இத்தனை நாள் அதை அன்பு என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 6, சனி

ஹாரியட் விலாசம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். வால்சால் வரை பஸ்ஸில் போனேன். மால்கம் ட்ரான்டர். எழுபது வயதுக்கு மேல். எனக்காகப் பழக்கேக் வாங்கி வைத்திருந்தார். நடன அரங்குகளில் வாசித்தவர், கூப்பிட்ட ஸ்டூடியோவுக்கெல்லாம் போனவர்.

"ஆஷ்பிட் லேனா? அது எந்தப் பக்கம் இருக்கற தெரு?" என்றார்.

கொண்டுபோன டேப்பைப் போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்த இடம் வந்தது. நின்றது. அடி விழுந்தது.

"இது நான்தான்," என்றார்.

"இங்க ஏன் நின்னீங்க?"

"யாருக்கும்மா ஞாபகம் இருக்கு? இசைக் குறிப்புத் தாளைப் புரட்டியிருப்பேன்!" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கங்க," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது. தாளைப் புரட்டினாராம்! இதைப் போய் யாரிடம் சொல்வேன்? இப்படிப்பட்டதையெல்லாம் சொல்ல எனக்கு ஒருத்தன்தான் இருந்தான்.

ஏப்ரல் 11, வியாழன்

இரண்டு பக்கத்தையும் முடித்துவிட்டேன். டெஸ்ஸிடம் படிக்கக் கொடுத்தேன். மால்கம் ட்ரான்டர் பெயர் வரும் வரியில் விரல் நின்றது.

"இதை மட்டும் எடுத்துடு கண்ணு. என் பேரு போட்ட ஒரே நல்ல விஷயம் அந்த ரெகார்டு."

"உன் பேரு மட்டும்தான் அதுல இருக்கு."

தபால் பெட்டிவரை கூடவே நடந்து வந்தான். "ஒரு வருஷம் ஷெட்டுக்குள்ள உக்காந்து அந்த இடத்தை வாசிச்சுப் பாத்தேன்," என்றான். "வரவே இல்ல." உறையைப் போட்டேன். அவன் தடுக்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

கிளப் வாசலைப் பற்றிக் கடைசியில் எழுதவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

சிடி வந்து நான்கு நாளாகிறது. என் பெயர் அச்சில் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

காலையில் டெஸ் துளைபோடும் மெஷினோடு வந்தான். ஸ்டவர்பிரிட்ஜில் நான் தனியாக வந்து இருக்கும் இந்த ஃப்ளாட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. ஷூவைக் கழற்றணுமா என்று விருந்தாளி மாதிரி கேட்டான். என் ரெகார்டுகளை அடுக்கச் சுவரில் இரண்டு பலகைத் தட்டுப் பொருத்தினான். சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை மட்டம் வைத்துப் பார்த்தான்.

"வியாழக்கிழமை பப்புல எழுந்து நின்னு நீ எழுதினதைப் படிச்சேன்," என்றான், சுவரைப் பார்த்தபடியே. "முழுசும்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. வெர்னன் ஒரு பீர் வாங்கிக் குடுத்தான்."

"திக்காம படிச்சியா?"

"ஒரு இடத்துல திக்கிட்டேன்."

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. டீ குடித்தான், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கதவருகே போய் நின்று, "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கீழ்த்தட்டுக்கு வார்னிஷ் அடிச்சுத் தரட்டுமா?" என்றான்.

ஏற்கனவே வார்னிஷ் அடித்த பலகைதான் அது.

"போன் பண்ணிட்டு வா," என்றேன்.