தம்பியை நிமிர்ந்து நடக்கச் சொல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் ஏதோ இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அப்பா கண்ணை மூடியதிலிருந்து தையல் கடைக்குப் போவதும் வருவதுமாக நாள் ஓடுகிறது, வீட்டுக்குள் நுழைந்தால்தான் தாங்கவில்லை. இப்போது எழுதுவது தம்பியைப் பற்றி. எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து குனிந்து இந்த வயதிலேயே அவன் முதுகு வளைந்தது உனக்குத் தெரியும், அவன் சட்டைக்குப் பின்பக்கம் நீளம் கூட்டித்தான் வெட்டுவேன், இல்லாவிட்டால் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்பாதான் அவனை ஜிம்மில் சேர்த்துவிட்டார். அங்கே சேர்ந்த புதிதில் நெஞ்சுக்கு மட்டும் எடை தூக்கித் தோள் இன்னும் முன்னால் வந்துவிட்டது, சொல்லிக்கொடுக்கும் பெண் அதைப் பார்த்துவிட்டு, ஏன் தம்பி, கண்ணாடியில தெரியறதை மட்டும் வளர்க்கிறியே, முதுகு என்ன அடுத்த வீட்டுக்காரனோடதா என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு ரப்பர் பட்டையை இழுப்பதும் எடையைப் பின்பக்கமாக இழுப்பதுமாக விடாமல் செய்தான், அப்பா போன பிறகும் விடவில்லை. போன மாதம் பார்த்தால் சட்டை பின்னால் தொங்குகிறது, முதுகு நிமிர்ந்துவிட்டது, வலி என்ற பேச்சே இல்லை. நானும் பின்பக்கத்தைக் குறைத்து மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் முதுகைக் காட்டி நின்று தண்ணீர் குடித்தான் கண்ணு. அதே தோள், அதே நிற்பு. என்னை அறியாமல் என் வாய், ஏங்க, குடையை எடுத்துக்கிட்டீங்களா என்று கேட்டுவிட்டது. அவன் திரும்பினான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஜிம்முக்குப் போவதில்லை. கேட்டால், நேரம் இல்லம்மா, விடேன் என்கிறான். தெருவில் நிமிர்ந்து வருகிறவன் வாசலுக்கு வந்ததும் தோளைக் குறுக்கிக்கொள்கிறான், ஜன்னலில் நின்று என் கண்ணாலேயே பார்த்தேன். முதுகு வலியும் திரும்பிவிட்டது.

நான் சொன்னால் அழுதுவிடுவேன், பிறகு அவன் எங்கே கேட்பான். நீ அக்காவாகச் சொல். அம்மா அழுதால் அழுதுவிட்டுப் போகிறாள், அது அவள் பாடு, நீ முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல். அவன் இப்படிக் குறுகி உள்ளே வரும்போது உன் அப்பாவை வாசலிலேயே தடுத்து நிறுத்துகிற மாதிரி இருக்கிறது எனக்கு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில்தான் இருப்பான், மறக்காமல் கூப்பிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா