உன் பேரில் நிற்கும் கார்

இராயப்பன்பட்டி

அன்பு மகள் அனிதா மேரிக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் இங்கே நானும் அப்பாவும் சுகம், காரும் சுகம், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் என்பதால் அதையும் சேர்த்துச் சொன்னேன். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலையில் முதலில் உங்களைத்தான் வைக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் வந்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம். அதோடு நீ கையெழுத்துப் போட வேண்டிய தாளும் இதில் இருக்கிறது, அது வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லாதாம், பேனாவால் போட்ட கையெழுத்தே வேண்டுமாம்.

சர்க்கரையால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு கட்டப்பனைக்குக் கொண்டுபோய்க் காரை மாற்றினோம் இல்லையா, பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் கையால் தள்ளி இழுக்கிற கம்பி வைத்து. உனக்குச் சொல்லாத ஒன்று, அன்றைக்கு அங்கே ஒரு சண்டையே நடந்தது. கட்டைக்கால் போய்ப் பெடலில் மாட்டிக்கொள்ளும், கீழே இருக்கிற பெடல் இரண்டையும் கழற்றிவிடலாம் என்று அந்த மலையாளத்து மெக்கானிக் எவ்வளவோ சொன்னார். கழற்றவே கூடாது என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார், சிரிக்காதே, நிஜமாகவே அப்படித்தான் நின்றார். காலில்லாத மனுசனுக்குப் பெடல் எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. கடைசியில் பெடலின்மேல் ஒரு தகட்டை மூடி போல வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்கிற மாதிரி செய்து கொடுத்தார். அதற்கப்புறம் தேனியில் லைசென்சை மாற்றி எழுத ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், மைதானத்தைச் சுற்றி வந்து இறங்கும்போது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதுமாப்பிள்ளை தோற்றான்.

இப்போது வந்திருக்கும் தலைவலி இன்சூரன்ஸ். பழையது இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வருசா வருசம் நமக்கு அதைக் கட்டிக்கொடுக்கிற பிரான்சிஸிடம் சொன்னேன். அவன், அத்தே, கம்பி வச்சதையெல்லாம் வாயத் தொறந்து சொல்லாதீக, சொன்னா தொகைய ஏத்திப்புடுவாக என்றான். சொல்லாமல் கட்டி நாளைக்கு எங்காவது இடித்துவிட்டால் என்னடா செய்வது என்று கேட்டதற்கு, மாமா எங்கன இடிக்கப் போறாக என்று சிரிக்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கம்ப்யூட்டர் கடையில் கட்டலாம் என்று போனால், வண்டியில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா, ஆமா, இல்லை என்று ஒரு கேள்வி. மேலே திராட்சைப் பெட்டி வைக்கிற கேரியர் மாற்றமா, முன்னாடி இருக்கும் வேளாங்கண்ணி மாதா மாற்றமா, சீட்டுக்கு நான் தைத்துப் போட்ட உறை மாற்றமா, கடைப் பையனுக்கும் தெரியவில்லை. ஆமா என்று அமுக்கினால் அதற்கு மேலே போகவே மாட்டேன் என்கிறது. இன்னொரு கம்பெனிக்குப் போன் போட்டால் தொகையைக் கூட்டிச் சொன்னார்கள், எதற்குக் கூடுதல் என்று கேட்டால் கம்பிக்காம். கம்பி இல்லாவிட்டால் அவர் எப்படி ஓட்டுவார்?

பிறகுதான் பழனிசெட்டிபட்டியில் ஓர் ஆபீசுக்கு அப்பாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஜெபஷீலா என்று ஒரு பிள்ளை, உன் வயசுதான் இருக்கும், பொறுமையாகக் கேட்டாள். ஆன்ட்டி, இதுக்குக் கூட்டக் கூடாது, குறைக்கணும் என்றாள். மாற்றுத்திறனாளிக்காக மாற்றிய வண்டி என்று ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துவிட்டால் சலுகையே உண்டாம், இடித்தாலும் தைரியமாகக் கேட்கலாமாம். ஒரே கம்பிக்கு ஒருத்தர் கூட்டுகிறார், ஒருத்தர் குறைக்கிறார், எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அப்படிப் பதிய வண்டி அப்பா பேரில் இருக்க வேண்டுமாம். ஆர்.சி.யைப் பிரித்துப் பார்த்தால் உன் பேர். நீ மதுரை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது நீ ஓட்டிப் போய்வர அந்த வருசத் திராட்சைப் பணத்தில் உன் பேரில் வாங்கியது, எனக்கு மறந்தே போயிருந்தது. மகளிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று அந்தப் பிள்ளை சொல்லி வாய் மூடவில்லை, அப்பா கம்பை ஊன்றி எழுந்து வெளியே ஆட்டோவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பழைய இன்சூரன்சிலும் கம்பியைப் பற்றி எழுதவில்லை, அது சரியாகாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று நான் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். அப்பா பூசைக்கும் போகவில்லை, தோட்டத்துக்கும் போகவில்லை, திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டுவது முழுக்க வேலைக்காரன் சங்கிலி தலையில். சாயங்காலமானால் காருக்குள் போய் உட்கார்ந்து அந்தக் கம்பியைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருக்கிறார். மாற்றுத்திறனாளி என்று எழுத வெட்கப்படுகிறார் என்று நினைத்து, லைசென்சில் எழுதும்போது வராத வெட்கம் இப்ப எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சத்தம் போட்டுவிட்டேன். அதற்கு அவர், வெக்கமும் இல்ல ஒண்ணும் இல்லடி, அவ அங்கன வீடு வாங்கப் போறேங்குறா, இந்த ஊர்ல அவ பேர்ல இருக்கிறது இந்தக் கார் ஒண்ணுதான், அதையும் எழுதி வாங்கிட்டா அவளுக்கு இங்கன என்ன இருக்கு என்றார்.

நீ வீடு வாங்குவது எங்களுக்குச் சந்தோசம்தான் ஆத்தா, அதில் ஒரு குறையும் இல்லை. அவள் காருக்காகவா வருவாள், நமக்காக வருவாள் என்று அவரிடம் சொன்னேன். மறுநாள் காலையில் பேர் மாற்றுகிற தாளை எடுத்து அவர் பங்குக்குக் கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். போடு என்று உனக்கு எழுதுவதா, வேண்டாம் என்று எழுதுவதா, எதையும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் போட்டு அனுப்பு. அவர் வெளியே போய்வர வேண்டும், வீட்டுக்குள்ளேயே கிடந்தால் மனுசன் மக்கிப்போவார். அவர் சொன்னதை நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, கார் எப்படி ஓடுகிறது என்று மட்டும் போனில் கேள்.

பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடாதே. ராத்திரி டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து, பழைய கையெழுத்தேதான் இருக்க வேண்டும், அங்கே போய் மாற்றிக்கொண்டதைப் போட்டுவிடாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

கவரை ஒட்டப் போகும்போது அப்பா வந்து எட்டிப் பார்த்தார். அவர் சொல்லச் சொன்னது இது மட்டும்தான், நம்ம ஊரில் நீ எடுத்த லைசென்ஸ் முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், தகட்டுக்கு அடியில் பெடல் அப்படியே இருக்கிறதாம்.

இப்படிக்கு
உன் அம்மா
சூ. மதலேனாள்