ஓக் மரம் துளிர்த்துவிட்டது

அன்புள்ள கஜந்திக்கு,

நீயும் மகளும் சுகம்தானே? உன் முதுகு நோவு குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஓமானின் இந்தச் சோஹாரில் எங்கள் நர்சரியின் குளிரூட்டிய கண்ணாடி வீட்டில் நான் பார்க்கும் ஓக் மரம், மார்கழியில் இலையெல்லாம் பழுத்து மொட்டையாகிவிட்டது. தண்ணீரைக் கூடுதலாக ஊற்றி நான்தான் சாகடித்துவிட்டேன், வேலை போகப் போகிறது என்று பயந்தேன். கோயம்புத்தூர்க்காரரான சூப்பர்வைசர் முரளிதரன் பட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை.

"குளிர் மலைநாட்டு மரம்ப்பா. பனிக்காலத்துல இலைய உதிர்த்துட்டுத் தூங்கும். விடு" என்றார்.

இன்று காலை பார்த்தால் கிளை நுனியெல்லாம் மொட்டு வெடித்துச் செந்தளிர்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட் ஆட்களும் ஓடி வந்துவிட்டார்கள். இனிப் பூத்து, சின்னக் கிண்ணத்தில் வைத்ததுபோல் காய் வருமாம். அதைப் பார்க்க வேண்டும்.

என்னோடு ரூமில் இருந்து லீவில் ஊருக்கு வரும் கிருபனிடம் ஓரம் வளைந்து வளைந்திருக்கும் பழைய இலை ஒன்று தந்துவிடுகிறேன். மகளுக்குக் காட்டு. அவளுடைய பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு கீறி அனுப்பு. சப்பாத்துக் கடையில் அளவு கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரூமுக்குத் திரும்பும் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. ஓடுகிறேன்.

உன் சுஜந்தன்